கதவுக்கு மூன்று வார்த்தைகள்

இருட்டிய பிறகு மாடியில் அந்தச் சத்தம் இன்றும் கேட்டது. கர்ர்ர்ர். கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல.

கீழ்வீட்டில் பொன்னுலிங்கம் அண்ணாச்சி எழுந்தார். மாடியில் குடியிருப்பது ஜெனிட்டா டீச்சர். கணவனுக்குக் கப்பலில் வேலை. கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரரான அண்ணாச்சி, அறுபது வயதில் அவளிடம்தான் ஆங்கிலம் படிக்கிறார்.

மாடியேறிக் கதவைத் தட்டினார்.

“யாரு?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உங்க ஸ்டூடண்ட்.”

மறுபடி கர்ர்ர்ர். கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு, அரிசி டிரம் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

“ராத்திரியில டிரம்முக்கு எதுக்கு வாக்கிங்?”

“பிறகு சொல்றேன். நீங்க ஏதோ கேக்க வந்த மாதிரி இருக்கே.”

அண்ணாச்சி உற்சாகமானார். “இம்ப்ரூவ், என்ஹான்ஸ், அப்கிரேட். மூணும் ஒண்ணுதானே டீச்சர்? போன வாரம் இந்தக் கதவுக்கு நான் பண்ணினதை அமெரிக்காப் பேரன்கிட்ட சொல்லணும்.”

“தேக்கு கலர் அடிச்சீங்க. இருக்கிற அழகைக் கூட்டுனீங்க. என்ஹான்ஸ்.”

“சரி.”

“பழைய கைப்பிடியைக் கழட்டிட்டு, பித்தளையில சிங்கத்தலை போட்டீங்க. அப்கிரேட்.”

“அப்படிப் போடுங்க! அப்போ இம்ப்ரூவ்?”

அவள் அவரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். “தாழ்ப்பாள் போட்டாச்சு. ஒரு விரலால தள்ளுங்க அண்ணாச்சி.”

தள்ளினார். கதவு தாராளமாகத் திறந்தது. தாழ்ப்பாள், நிலையிலிருந்த துளைக்குள் போகாமல் அரை விரல் கீழே முட்டி நின்றிருந்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

“கதவு சரியில்லைன்னு சொன்னேன். நீங்க பெயின்ட் அடிச்சீங்க.”

“அதான் டிரம்மா?”

“குடித்தனம் வந்த நாள்லேர்ந்து ராத்திரி இதைத்தான் கதவுக்கு முட்டுக் குடுக்கிறேன். பூனை நடந்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்.”

அண்ணாச்சி படியிறங்கிப் போனார். உளியும் சுத்தியலுமாகத் திரும்பினார். புதுப் பெயின்ட் செதில் செதிலாக உதிர, துளையைக் கீழ்ப்பக்கமாகச் செதுக்கினார்.

“ஐயோ, பெயின்ட் போச்சே!” என்றாள் அவள்.

“போகட்டும் டீச்சர்.”

வேட்டியை உதறிக்கொண்டு வெளியே வந்தவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. “இம்ப்ரூவ்னா என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே?”

“இப்ப சொல்றேன். நல்லா காது குடுத்துக் கேளுங்க.”

கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் ‘டக்’கென்று துளைக்குள் விழுந்தது.