மறுபடி ஓட்டு

பழி பொற்கொடி மேல் விழுந்தது. அது அநியாயம்.

மருத்துவமனை டோக்கன் செயலியில் செய்த புது மாற்றத்தைச் சோதித்த சர்வர், தப்பு இருக்கிறது என்று சிவப்பு காட்டியது. "ரெண்டு பேர் ஒரே நொடியில டோக்கன் கேட்டா சில நேரம் தப்பாகுது, வெளியிடாதீங்க" என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அந்த டீமில் சிவப்பு வந்தால் யாரும் காரணம் தேடமாட்டார்கள். பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அன்றும் ஓட்டினார்கள். பச்சை வந்தது. வெளியிடச் சொன்னது டீம் லீட் தணிகைவேல். வெளியிடும் பட்டனை அமுக்கியது அவள்.

மறுநாள் ஒரே டோக்கனோடு இரண்டு நோயாளிகள், டாக்டர் அறை வாசலில் சண்டை. சர்வரில் அவளுக்கிருந்த அனுமதி பறிபோனது. சாயங்காலத்துக்குள் மன்னிப்பு மெயில் வரவேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்றது நிர்வாகம்.

"எழுத மாட்டேன்" என்றாள். எதற்கு எழுதவேண்டும்?

தணிகைவேலுக்கோ வேறு கவலை. பழைய சர்வர் ஏமாற்றிவிட்டதாம். கோடைச் சோதிக்கும் மூன்று புது சர்வர்களை இலவசச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, தனக்குத் தொழில் கற்றுத்தந்த ஸ்டெல்லாவிடம் போனான்.

"இந்த மூணுல எது நல்லதுக்கா?"

"நீ என்ன நினைக்கிற?"

"ஒண்ணு வேகம். ஒண்ணு பார்க்க அழகா இருக்கு. இன்னொண்ணு விலை கம்மி."

"அன்னிக்கு வெளியிட்டியே, அதே புரோகிராம் கோடை மூணுலயும் ஓட்டு."

ஓட்டினான். மூன்றிலும் சிவப்பு.

ஸ்டெல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவன் கை தானாக மவுஸுக்குப் போனது. மறுபடி ஓட்டினான். இன்னொரு தடவையும். நடுவில் இருந்த சர்வர் பச்சையானது.

"இதுதான்க்கா! இதையே வாங்கிடலாம்."

"கோடுல ஏதாச்சும் திருத்துனியா?"

"இல்லையே."

ஸ்டெல்லா பொற்கொடியைக் கூப்பிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மெயில் விஷயம்னா என் பதில் மாறலக்கா."

"அது இல்லம்மா. இந்தப் பச்சையைப் பாரு."

பார்த்தாள். தணிகைவேல் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல என்னண்ணா வந்துச்சு?"

"சிவப்பு."

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

"அன்னிக்குப் பழசுலயும் அதானே வந்துச்சு? நான் வந்து சொன்னேன்ல. நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மறுபடி ஓட்டுன்னேன்."

"அப்ப மன்னிப்பு மெயில் யார் எழுதணும்?"



"நான்தான்" என்றான். பிறகு, ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். "சரி, எந்த சர்வர்க்கா வாங்குறது?"

"எதை வேணா வாங்கு. மறுபடி ஓட்டுற பட்டனை மட்டும் இவகிட்ட குடுத்துடு."