ராகுகாலத்தில் உம் கொட்டினவள்

ஒரு ஊர்ல, ஏரிக்கரையில தலைசாய்ச்சுப் படுத்திருக்கிற மாதிரி ஒரு அரண்மனை. அதுல பூங்குன்ற ராசான்னு ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு நாடு இருந்துச்சு, யானை இருந்துச்சு, ராணி இருந்தாங்க. ஒண்ணே ஒண்ணுதான் இல்லை. என்ன தெரியுமா? உம் கொட்ட ஆள் இல்லை.

சிரிக்காதீங்க. உம் கொட்டாம எந்தக் கதை நடக்கும்? நீங்க நிறுத்திப் பாருங்க, நானும் நிறுத்திடுவேன்.

ராசாவுக்குத் தினமும் ஒரே கனவு வருமாம். காலையில எழுந்து ராணிகிட்ட சொன்னா, "இருங்க, பால் பொங்குது"ம்பாங்களாம். மந்திரிகிட்ட சொன்னா, "இதுக்கு என்ன பரிகாரம் பண்ணலாம்"பாராம். யானைகிட்ட சொன்னா அது காதை ஆட்டுமாம், ஆனா உம் கொட்டாதாம். பாதி சொல்றதுக்குள்ள கனவு கரைஞ்சு போயிடும். மீதி என்னன்னு தெரியாம ராசா நாளெல்லாம் நெஞ்சு பாரமா உக்காந்திருப்பாராம்.

அப்புறம் தண்டோரா போட்டாங்க. "அரண்மனையில உம் கொட்டற வேலைக்கு ஆள் தேவை! வயிறாரச் சோறு, ஏரியைப் பாத்த மாதிரி ஒரு அறை! ஞாயித்துக்கிழமை ராசாவே நேர்ல பாத்து ஆளெடுப்பார்!"

யார் எந்த நேரத்துக்கு வரணும்னு சொல்றவர் பஞ்சநதம். அரண்மனையில நாள் நேரம் குறிக்கிறவர். அவர் நேரம் குறிக்காம ராசா தும்மக்கூட மாட்டாராம். ராகுகாலத்துல ராசா எந்த முடிவும் சொல்லக்கூடாதுன்னு சட்டம் வச்சவரும் அவர்தான்.

முதல்ல அவரோட மச்சான் அலங்காரம் வந்தான். "மச்சான், உனக்கு விடியக்காலம், நல்ல முகூர்த்தம். அந்நேரம் கேட்டா கல்லும் கொடுக்கும்"னாராம்.

அப்புறம் கூத்துக்காரன் வையாபுரி வந்தான். "உனக்கு ராசா விருந்து சாப்பிட்டு முடிச்ச நேரம்பா. வயிறு குளிர்ந்திருக்கும்"னு உதட்டுக்குள்ள சிரிச்சாராம்.

மூணாவதா மருதாயி வந்தா. வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டா. அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, குருவுன்னு ஒரு தங்கச்சிதான். சித்தப்பா சொல்லிட்டாராம்: "உங்க ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்த என்னால ஆகாது. இந்த வேலை கிடைக்கலைன்னா சின்னவளை ஆத்துக்கு அக்கரையில ஆடு மேய்க்க அனுப்பிடுவேன்." குருவு ராத்திரி ஏதாவது கதை சொல்லிக்கிட்டே இருப்பா. அக்கா உம் கொட்டினாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அக்கரையில யார் உம் கொட்டுவா, சொல்லுங்க?

"ஐயா, எனக்கு எப்போ?"

"உனக்கா? பொழுது சாயறப்போ வா."

"ஞாயித்துக்கிழமை அது ராகுகாலமாச்சே, ஐயா."

"இஷ்டமிருந்தா வா, இல்லைன்னா போ."

மருதாயி அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தா. குருவு சொன்னாளாம், "ராகுவுக்கு உடம்பே கிடையாதாம்க்கா, வெறும் தலைதானாம். தலை இருந்தா காது இருக்குமில்ல? அதுவும் ஒரு ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போகட்டும். நீ போ."

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது. அலங்காரம் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டு வந்து நின்னான். ஆனா நல்ல நேரம் ஊருக்கே நல்ல நேரமில்லையா? ராசா "ஒரு பெரிய ஏரி..."ன்னு ஆரம்பிச்சார், கல்யாண ஜோடி ஆசீர்வாதத்துக்கு வந்துச்சு. "ஒரு பெரிய ஏரி..."ன்னார், பேர் வைக்கணும்னு குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. "ஒரு பெரிய ஏரி..."ன்னார், புது யானைக்குப் பொட்டு வைக்கக் கூப்பிட்டாங்க. இதுக்கு நடுவுல அலங்காரம், "ஏரியா? எங்க ஊர் ஏரியைப் பாத்திருக்கீங்களா? அதுல ஒரு விரால் மீனு..."ன்னு ஆரம்பிச்சான். நிறுத்தவே இல்லை. அவனை ரெண்டு சேவகர் தூக்கிட்டுப் போனாங்க. போறப்பவும் மீனைப் பத்தித்தான் பேசினானாம்.

மத்தியானம் வையாபுரி வந்தான். ராசா ரெண்டு வார்த்தை சொன்னார், கண்ணு சொக்கிடுச்சு, குறட்டை வந்துச்சு. பாவம், அவன் அந்தக் குறட்டைக்கும் உம் கொட்டினான். கூத்துக்காரன் தொண்டை இல்லையா, மாடத்துப் புறாவெல்லாம் பறந்துடுச்சு. திடுக்குன்னு முழிச்ச ராசா, "வெளியே போ!"ன்னுட்டார்.

பொழுது சாஞ்சுது. ராகுகாலம் வந்துச்சு. கூட்டமில்லை, மேளமில்லை, ஈ காக்கை இல்லை. மருதாயி மட்டும் வந்து நின்னா. அலுத்துப்போன ராசா "நீயும் போ"ன்னு சொல்ல வாயெடுத்தார். எடுத்தவருக்கு ஞாபகம் வந்துச்சு. ராகுகாலத்துல "வேலை உனக்கு"ன்னும் சொல்லக்கூடாது, "போ"ன்னும் சொல்லக்கூடாது! கதவுக்குப் பின்னாடி நின்ன பஞ்சநதத்துக்கு இது தோணவே இல்லை பாருங்க.

வேற வழியில்லாம ராசா சாளரத்துப் பக்கம் உக்காந்தார். அவளும் கீழே உக்காந்தா. ஏரி மேல பூசணிப்பூ நிறத்துல வெளிச்சம் மிதந்துச்சு.

"ஒரு பெரிய ஏரி. வானத்துல இருக்கு. தண்ணி கீழே சிந்தாம தொங்குது."

"உம்."

"அதுல ஒரு படகு. துடுப்பு கிடையாது. நான் சின்னப் பையனா உக்காந்திருக்கேன்."

"உம்."

"அக்கரையில எங்கம்மா நிக்கறாங்க. கையில ஒரு கிண்ணம். என்னமோ கேக்கறாங்க... என்ன கேக்கறாங்கன்னுதான்..."

அங்கதான் தினமும் கனவு அறுந்து போகும். மருதாயி அப்புறம் என்னன்னு அவசரப்படுத்தலை, இப்படி இருக்குமோன்னு எடுத்துக் கொடுக்கலை. நாரைங்க ஒவ்வொண்ணா மரத்துல வந்து அடைஞ்சுது. அவ மெதுவா, தூங்கப்போற தங்கச்சிக்குக் கொட்டற மாதிரி, "உம்..."னா.

"'சாப்பிட்டியாடா'ன்னு கேக்கறாங்க"ன்னார் ராசா. "நான் 'சாப்பிட்டேம்மா'ன்னு சொன்னேன். படகு கரை தட்டிடுச்சு."

"உம்"னா மருதாயி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு.

அப்போ கோயில் மணி அடிச்சுது. ராகுகாலம் முடிஞ்சுது. "வேலை உனக்குத்தான்மா. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரு தங்கச்சிங்க."

"அவளையும் கூட்டிட்டு வா."

பஞ்சநதம் பதறிக்கிட்டு ஓடி வந்தார். "மகாராசா! ராகுகாலத்துல பாத்த ஆள் விளங்காது!"

"அந்த நேரத்தைக் குறிச்சது யாரு?"

பஞ்சநதம் மெதுவா கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"உம்ம மச்சானுக்கு ஒரு நேரம், ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு ஒரு நேரமா? சரி. இன்னையிலேருந்து தினமும் ராகுகாலம் முழுக்க உம்ம மச்சான் எதிர்ல உக்காந்து, அவன் பேசறதுக்கெல்லாம் உம் கொட்டும்!"

ராகுகாலம் வராத நாள் உண்டா? அந்த விரால் மீன் இன்னும் கரை ஏறலையாம்.

அக்காளும் தங்கச்சியும் ஏரியைப் பாத்த அறையில படுத்துக்கிட்டு, ஒருத்தி கதை சொல்ல ஒருத்தி உம் கொட்ட, சுகமா இருந்தாங்களாம். கேக்கறவங்க கேட்டா கெட்ட நேரமும் நல்ல நேரம்தான்.

படகு கரை சேந்துச்சு, கதை தீந்துச்சு. உம் கொட்டினவங்களுக்கு நல்ல கனவு வரட்டும், கொட்டாதவங்களுக்கு அலங்காரம் வரட்டும்.