மூடி போட்ட மண்பெட்டி

ஒரு காட்டில் சாம்பலன் என்ற கிழட்டுக் கடுவன் பூனை இருந்தது. அதற்கு முதலில் தீங்கு செய்தது வாசன் என்ற புனுகுப்பூனை. கரடி தேனாயி செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைச் சாம்பலன் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

தேனாயியின் குகையில் தினை மலைபோல் குவிந்திருந்தது. எலிகளிடமிருந்து அதைக் காப்பது சாம்பலனின் வேலை. கூலியாக மீனும், படுக்க ஒரு மூலையும் கிடைத்தன. முன்பெல்லாம் மலஜலம் கழிக்க அது வெளியே போய் மண்ணைத் தோண்டிக் காரியத்தை முடித்து, மூடிவிட்டு வரும். அந்த ஆண்டு குகைப்பக்கம் ஒரு செந்நாய்க் கூட்டம் வந்து தங்கிவிட்டது. ஓட முடியாத கிழப்பூனை வாசலைத் தாண்டினால் திரும்பி வராது.

உள்ளேயே ஒரு மண்பெட்டி வைத்துவிடலாம் என்றது தேனாயி. நல்ல மனசுதான். ஆனால் எப்படிப்பட்ட பெட்டி வேண்டும் என்று சாம்பலனைக் கேட்கவில்லை. அந்தக் காட்டின் வழக்கம் அப்படி. வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் அக்கம்பக்கத்தார் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் போதும். அதைப் பயன்படுத்தப் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

பெட்டி செய்ய வாசன் தானாக முன்வந்தது.

"பெரியப்பாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா, அக்கா? எனக்கும் மீசை இருக்கிறது, அவருக்கும் மீசை இருக்கிறது."

வாசனுக்கு மணம் என்றால் உயிர். மரப்பொந்துக்குள் சுருண்டு கிடப்பது சுகம். ஆகவே தனக்குப் பிடித்த மாதிரியே செய்தது. உள்ளே குடைந்த அடிமரம் ஒன்றைக் கொண்டுவந்து, மேலே மரப்பட்டையால் மூடி கட்டி, பக்கவாட்டில் உயரமாக ஓர் ஓட்டை போட்டது. மண்ணில் செண்பகத்தையும் தாழம்பூவையும் பிய்த்துக் கலந்தது. கிழவர் அதிகம் நடக்க வேண்டாமே என்று மீன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தியது.

மயில் வந்து பார்த்தது. முயல் வந்து பார்த்தது. அழகான பெட்டி என்று இரண்டும் சொல்லிவிட்டுப் போயின.

சாம்பலன் ஓட்டையருகே போய் முகர்ந்தது. பூவாசனை மூக்கைக் குத்தியது. அவ்வளவு உயரம் காலைத் தூக்க இடுப்பு வலித்தது. தலையை நுழைத்தால் ஒரே இருட்டு. பின்னால் யார் வந்தாலும் தெரியாது. அதுவும் சாப்பிடுகிற இடத்தருகே எந்தப் பூனைக்கு மனசு வரும்? அடக்கிப் பார்த்தது. முடியாமல், தினைக் குவியலின் ஓரத்தைத் தோண்டி அங்கே காரியத்தை முடித்துவிட்டது. பழக்கப்படி மூடியும் வைத்தது.

தேனாயி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அசிங்கம் பிடித்த கிழம் என்று, மறுபடி வந்திருந்த மயிலும் முயலும் கேட்கும்படி ஏசியது.

"பெட்டியில் குறையில்லை, அக்கா" என்றது வாசன். "பெரியப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது. வெளியே விட்டுவிடுங்கள்."

வெளியே செந்நாய்கள் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. தேனாயி வாசலைக் காட்டியது.

சாம்பலன் எழுந்தது. "போகிறேன், தாயி. அதற்கு முன்னால் ஒரு ஆசை. அந்தப் பெட்டியில் நான் இன்னும் காலே வைக்கவில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு தேனடையை உள்ளே வைத்து, நீ ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

தேன் என்றதும் கரடி யோசிக்கவில்லை. தேனடையை உள்ளே போட்டு, ஓட்டைக்குள் தலையை நுழைத்தது. உள்ளே இருட்டு. பூவாசனையில் தேன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாம்பலன் பின்னால் போய், காய்ந்த சருகுகளை மெல்லக் காலால் கிளறியது.

"யாரது?" என்றது தேனாயி. சருகு மறுபடி சரசரத்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. தலையை இழுத்தால் மாட்டிக்கொண்டது. பயந்துபோன கரடி பெட்டியோடு தலையை உதறியது. மூடி பறந்தது, ஓட்டை போட்ட மேல்பாதி பிளந்து விழுந்தது. அகலமான அடிப்பாகம் மட்டும் தாழ்ந்த விளிம்போடு தரையில் கிடந்தது.

"மூச்சு முட்டிவிட்டது" என்று இரைத்தது தேனாயி. "பின்னால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது, தாயி. யாரும் கேட்கவில்லை" என்றது சாம்பலன்.

தேனாயி முகத்தில் ஒட்டியிருந்த பூமண்ணைத் தட்டிவிட்டது. பிறகு அந்த அடிப்பாகத்தைச் சாப்பாட்டுக்கு எட்டாத அமைதியான மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனது. பூமண்ணைக் கொட்டிவிட்டு நைசான ஆற்றுமணலை நிரப்பியது. சாம்பலன் நிதானமாக உள்ளே இறங்கி, நான்கு பக்கமும் பார்த்து, தோண்டி, முடித்து, மூடிவிட்டு வந்தது. அதன்பின் அது தினைப்பக்கம் போனது எலி பிடிக்க மட்டும்தான்.

அன்று மாலை வழக்கத்தைவிடப் பெரிய மீன் வந்தது. சாம்பலன் தின்றது. ஆனால் மீன் வேறு, மன்னிப்பு வேறு. மயிலும் முயலும் கேட்க ஏசியதைத் தேனாயி அவை கேட்கத் திரும்பப் பெறவில்லை. வாசனோ, மூடியில்லாத பெட்டியும் தன் யோசனைதான் என்று காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது.

தேனாயியும் வாசனும் மயிலும் முயலும் குகையில் கூடும்போதெல்லாம் சாம்பலன் நடுவே வந்து காதை நிமிர்த்தி உட்காரும். பேச்சு மழையைப் பற்றிப் போகும், பழத்தைப் பற்றிப் போகும். அந்த ஒரு பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. சாம்பலனும் எழுந்து போவதாக இல்லை.

நீதி: ஒருவருக்காகத் தேர்ந்தெடுப்பதை அவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்; கேட்காமல் செய்துவிட்டு அவரையே பழித்திருந்தால், பழித்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும்.