சாய்ந்த பாறைக்கு ஒரு சுள்ளி

அந்தக் காலத்தில் கல்லுக்குக் கால் இருந்தது. வாயும் இருந்தது, ஆனால் லேசில் திறக்காது. ஜெர்மனி தேசத்தின் உள்ளே, பீச் என்ற காட்டு மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டுக் காட்டில் வீட்டளவு பெரிய பாறைகள் கூட்டமாக இருந்தன. ஒவ்வொரு பாறைக்கும் நூறு வருஷத்துக்கு ஒருமுறை தாகம் எடுக்கும். எடுத்துவிட்டால் மேட்டை விட்டு இறங்கி, பள்ளத்தில் ஓடும் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் புறப்பட்டுவிடும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம் நாம். அங்கே யாரும் அடிக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஓர் எட்டு, அவ்வளவுதான். காலையில் பாதத்தைத் தூக்கினால் பொழுது சாயும்போது கீழே வைக்கும். தூக்கிய பாதத்தை அஸ்தமனத்துக்குள் வைத்துவிட வேண்டும் என்பது கல்லுக்கு உள்ள சட்டம். வைக்காத கல் நின்றபடி விறைத்துப்போகும். பிறகு ஒருநாளும் நடக்காது.

மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே மனிதர்கள் ஊர் கட்டியிருந்தார்கள். வேறு இடமா இல்லை என்று கேட்காதீர்கள், மனிதர்கள் எங்கேயும் அப்படித்தான். மரச்சட்டங்களைப் பூட்டி நடுவே களிமண் பூசிய வீடுகள் அவை. கல் வருகிறது என்று தெரிந்தால் ஊரே கூடி, முளைகளைத் தட்டிக் கழற்றி, அரை நாளில் வீட்டை அப்பால் தள்ளி நிறுத்திவிடும்.

கல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அளந்து சொல்லும் வேலை ஒட்டிலி என்ற பெண்ணுடையது. கையில் ஒரு நீளக் குச்சி வைத்திருப்பாள். தினமும் பாறையிலிருந்து வீடு வரைக்கும் அளந்து, இத்தனை எட்டு பாக்கி என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளக்கமாட்டாள். ஞாயிறு ஓய்வு நாள். ஊரில் யாரும் கோடரியைக்கூடத் தொடமாட்டார்கள். நாம் ஓய்ந்திருக்கும்போது கல் மட்டும் நடக்குமா என்ன என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கல் ஓர் எட்டு முன்னால் நிற்கும். சனிக்கிழமை அளந்ததில்தான் ஏதோ பிசகு என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள். கல்லைக் கேட்டால் சொல்லியிருக்கும். யார் கேட்டார்கள்?

அந்த வருஷம் இறங்கி வந்தது கூனன் என்ற பாறை. முதுகு வளைந்த கிழம், ஆனால் சாது. அது நேராக ஒட்டிலியின் தங்கை குனிகுண்டே வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. குனிகுண்டே நிறைமாதக்காரி. அவளுடைய புருஷன் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஓட்டிக்கொண்டு ஆற்றோடு போனவன், திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். தங்கைக்கு ஒட்டிலியை விட்டால் யாரும் இல்லை. சனிக்கிழமை மாலை ஒட்டிலி அளந்து பார்த்தாள். சரியாக ஓர் எட்டுதான் பாக்கி. நாளைக்கு ஞாயிறு, கல் நகராது, திங்கள் விடியற்காலை வீட்டைக் கழற்றலாம் என்று தங்கைக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

ஞாயிறு காலை ஊர் முழுக்கப் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் போயிருந்தது. குனிகுண்டேவுக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி ஒருத்தி மட்டும் உள்ளே இருந்தாள். வெந்நீர் வைக்க விறகு எடுக்கலாமென்று கொல்லைப் பக்கம் போன ஒட்டிலி, பேரிக்காய் மரம் முறிந்து கிடப்பதைப் பார்த்தாள். அதற்கு மேலே கூனனின் பாதம் அந்தரத்தில் தூக்கியிருந்தது. நிழல் வீட்டுக் கூரையில் பாதியை மூடிவிட்டது. பிரசவ வலியில் கிடப்பவளைத் தூக்கவும் முடியாது, வீட்டைக் கழற்ற ஆளும் இல்லை.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கொல்லைச் சுவரில் சாத்தியிருந்த அளவுக் குச்சியை எடுத்துப் பாறைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கூனன் குனிந்து பார்த்தது. "இந்தக் குச்சியா என்னைத் தாங்கப்போகுது?"

"தாங்காது. என் கையில வேற ஒண்ணும் இல்ல. உள்ள என் தங்கச்சி பிள்ள பெத்துக்கிட்டிருக்கா."

கூனன் தலையைத் திருப்பி ஆற்றுப் பக்கம் பார்த்தது. மூன்று வயல் தாண்டி ஆறு சலசலப்பது இருவர் காதிலும் விழுந்தது. நூறு வருஷத் தாகம் அதற்கு. கடைசியில், அஸ்தமனம் வரைக்கும் தாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அதற்குள் தாயையும் பிள்ளையையும் வெளியே கொண்டுவந்துவிட்டுத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், வீடு போனால் போகட்டும் என்றது. ஒட்டிலி தன் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள்.

மத்தியானம் தாண்டிப் பெண்பிள்ளை பிறந்தது. தேவாலயத்திலிருந்து திரும்பிய ஊர், கொல்லையில் நின்ற கல்லைப் பார்த்ததும் குதூகலித்தது. ஞாயிற்றுக்கிழமை கல் நகராது என்று நாங்கள் சொல்லவில்லையா என்று ஆளாளுக்கு மார்தட்டிக்கொண்டார்கள், தூக்கியிருந்த பாதத்தை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கறுப்பு ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு பிள்ளை பார்க்க வந்து குவிந்தார்கள்.

ஒட்டிலி மறக்கவில்லை. அதுதான் இதில் பெரிய பாவம். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தங்கை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள், பிள்ளை அவள் மார்பில் வாய் வைத்தபடியே தூங்கிவிட்டது. எப்படி எழுப்புவது? இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று நினைத்தாள். ஒருத்தருக்கு மோர் கொடுத்தாள், இன்னொருத்தரை வழியனுப்பினாள். இன்னும் கொஞ்ச நேரம் என்று மறுபடியும் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் வெயில் இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கூனன் பாதத்தைத் தூக்கினபடியே நின்றது. இடுப்பு வரை விறைத்துப்போயிருந்தது. ஒட்டிலி அதன் காலடியில் விழுந்து அழுதாள்.

"பிள்ள சுகமா?" என்று கேட்டது கூனன்.

"சுகம். பொண்ணு. நான் உங்களக் கெடுத்துட்டேன்."

விறைப்பு கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"குச்சிய மட்டும் எடுத்துடாத," என்றது. "நாள் பூரா அது கூடவே நின்னுச்சு."

அதோடு அதன் வாய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தக் கல்லும் மனிதரிடம் பேசினதாக நாம் கேள்விப்படவில்லை. மேட்டிலிருந்து பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த பாறைகளும், முன்னால் போனவனை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போய்க் குடிப்பதா என்று அங்கங்கே நின்றுவிட்டன. காட்டுக்குள் இன்றைக்கும் நிற்கின்றன, போனால் பார்க்கலாம்.

தூக்கிய பாதத்துக்குக் கீழே வாழ மனமில்லாமல் ஊர்க்காரர்கள் வீடுகளைக் கழற்றிக்கொண்டு ஆற்றோரத்துக்குக் குடிபோனார்கள். ஒட்டிலி மட்டும் ஞாயிறுதோறும் கூனன் நிற்கும் பழைய கொல்லைக்கு ஏறி வருவாள். மழையில் குச்சி உளுத்திருந்தால் புதிதாக ஒன்றை முட்டுக் கொடுப்பாள். அவளுக்கு நடை தளர்ந்தபோது, அன்றைக்குப் பிறந்த அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஒட்டிலி போனபிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கதையைச் சொன்னாள், கேட்டவர்கள் குனிந்து ஆளுக்கொரு சுள்ளி பொறுக்கினார்கள்.

அன்று முதல்தான், அந்தக் காட்டுக்குக் கல் பார்க்கப் போகிறவர்கள், சாய்ந்த பாறை எதைக் கண்டாலும், இது எங்கே தாங்கப்போகிறது என்று சிரித்துக்கொண்டே அதன் அடியில் ஒரு சுள்ளியை முட்டுக் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள்.