பஞ்சுக்கு எத்தனை நாள் சிறை?

சிங்கராஜாவின் மாமரத்தில் ஒரு பழத்தைக் கொறித்ததற்காக மூவரி என்ற அணிலுக்கு இருபது நாள் சிறை. கொறித்தது உண்மைதான். மூவரி அதை மறுக்கவில்லை.

சிறை என்பது ஓர் ஆலமரப் பொந்து. வாசலில் முள். காவலுக்கு நரி. பிடிபட்டபோது மூவரியிடம் இலையில் சுருட்டிய இலவம்பஞ்சு மூட்டை ஒன்று இருந்தது. வயிற்றில் குட்டிகள் இருந்தன. கூட்டில் மெத்தை போடுவதற்காகப் பங்குனி வெயிலில் மரம் மரமாக ஏறிச் சேர்த்த பஞ்சு அது.

“கைதிகிட்ட எதுவும் இருக்கக்கூடாது. இங்கே வை! போகும்போது தர்றேன்” என்றது நரி.

இருபது நாள் கழித்து மூவரி வெளியே வந்தது. அதற்குள் காட்டில் இருந்த இலவங்காய் எல்லாம் வெடித்துப் பறந்து முடிந்திருந்தது. கோடைமழை வேறு பிடித்துக்கொண்டது.

“என் பஞ்சு?”

“நாளைக்கு வா!”

மறுநாளும் போனது. “தேடிக்கிட்டிருக்கேன், நாளைக்கு வா!”

மூன்றாம் நாள் நரி எரிந்து விழுந்தது. “காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு! உயிரோட வெளியே வந்தியே, அது போதாதா? இலவு காத்த கிளி மாதிரி எதுக்கு இங்கேயே நிக்கிறே?”

“கிளி பழத்துக்குக் காத்திருந்துச்சு. நான் கேட்கிறது பஞ்சு!” என்றது மூவரி.

வழியில் முயல் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அதுவும் உள்ளே இருந்துவிட்டு வந்த பிராணிதான். “என் கிழங்கும் அப்படித்தான் போச்சு. ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாங்க? விட்டுத் தள்ளு அக்கா!”

மூவரிக்கு அலுத்துவிட்டது. கால் வலித்தது. வயிறு கனத்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தது. ஆனால் பிறக்கிற குட்டிகளை ஈரச் சுள்ளிமேலா போடுவது? வயிற்றை இழுத்துக்கொண்டு சிங்கத்தின் குகைக்குப் போனது.

சிங்கம் கொட்டாவி விட்டது. “மறுபடியும் மாம்பழமா?”

“இல்லை ராஜா, ஒரு சந்தேகம். எனக்கு எத்தனை நாள் தண்டனை குடுத்தீங்க?”

“இருபது.”

“இருந்துட்டேன். என் பஞ்சுக்கு எத்தனை நாள்?”

“பஞ்சுக்கா? பஞ்சு என்ன குற்றம் பண்ணுச்சு?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன். அது இன்னும் வெளியே வரலையே ராஜா!”

அடுத்த கொட்டாவி பாதியிலேயே நின்றது. நரியை அழைத்து வந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த வேகத்தில் வந்து நின்ற நரி, “காத்து கொண்டுபோயிடுச்சு ராஜா!” என்றது.

“கொண்டுபோய் உன் காதுலதான் வச்சுச்சா?” என்றது சிங்கம்.

நரியின் காதோரம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது!

அந்தப் பஞ்சை அடைத்து நரி செய்து வைத்திருந்த தலையணை வந்தது. எச்சில் ஊறி, உண்ணி ஏறிக் கிடந்தது. மூவரி முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தது.

“அதுதான் திருப்பிக் குடுத்தாச்சே!” என்றது நரி.

“அவ குடுத்தது இதுவா? வாங்கின மாதிரியே குடு!” என்றது சிங்கம்.

“பருவம் முடிஞ்சு போச்சே ராஜா! பஞ்சுக்கு இப்போ எங்கே போவேன்?”

சிங்கம் நரியின் வாலைப் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். நல்ல புசுபுசு வால்.

அன்று சாயங்காலம் மூவரியின் கூட்டில் மெத்தென்று மெத்தை விரிந்தது. ஜெயித்த சந்தோஷமெல்லாம் அதற்கு இல்லை, அத்தனை களைப்பு. விடிவதற்குள் மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றை அணைத்துக்கொண்டு அசந்து தூங்கிவிட்டது.

காலையில் நரி தன் ஈர்க்குச்சி வாலைச் சுருட்டிக்கொண்டு கண் விழித்தது. பொந்து வாசலில் முயல் நின்றது. முயலுக்குப் பின்னால் முள்ளம்பன்றி. அதற்குப் பின்னால் ஆமை.

“என் கிழங்கு எங்கே?” என்றது முயல்.

தண்டனை செய்த குற்றத்துக்கு மட்டும்தான். கைதியின் பொருளை வாங்கி வைத்தவர் அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும், தர முடியாவிட்டால் ஈடு கொடுத்தே தீர வேண்டும்.