கோட்டை வாசலில் களவு போன ராஜா

முன்னொரு காலத்தில் செங்கழனி என்கிற நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பார். மத்தியானம் அந்த யானை தெருவை அசிங்கப்படுத்திவிட்டது என்று அவனையே சிறையில் போடுவார். அப்படியொரு மனிதர்!

கோட்டை வாசலுக்குக் காவல் தலைவன் ரணசிங்கன். "முகத்தைப் பார்த்தே திருடனைச் சொல்லிவிடுவேன்" என்று மீசையை முறுக்குவான். கருமலையிலிருந்து தேனும் கிழங்கும் விற்க வருகிறவர்கள் கன்னங்கரேலென்று, சுருட்டை முடியோடு இருப்பார்கள். அவர்களைக் கண்டால் போதும், கூடையைக் கவிழ்ப்பான், கொண்டையை அவிழ்ப்பான். பட்டு உடுத்தியவர்கள் வந்தாலோ கும்பிட்டு வழிவிடுவான்.

ஒருநாள் ராணியின் முத்துமாலை காணாமல் போயிற்று. ரணசிங்கன் யோசிக்கவே இல்லை. அன்று அரண்மனைக்குத் தேன் கொண்டுவந்த தேக்கனையும், சந்தையில் நின்ற மலைக்காரர்கள் அத்தனை பேரையும் பிடித்துச் சிறையில் தள்ளினான். மாலை மட்டும் கிடைக்கவில்லை.

தேக்கனின் மனைவி நீலாயி நேரே சபைக்கு வந்தாள். கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"மகாராசா, மாலையை என் புருசன் கையில யாராச்சும் பார்த்தாங்களா?"

"பார்க்கவில்லைதான்" என்றார் ராஜா.

ரணசிங்கன் முந்திக்கொண்டான். "பிரபு, இவர்கள் மூஞ்சியைப் பாருங்கள். வேறு சாட்சி எதற்கு?"

நீலாயிக்குச் சுருக்கென்றது. அவனைப் பார்க்காமல் ராஜாவிடமே பேசினாள். "அப்படின்னா ஒரு பந்தயம், மகாராசா. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள, இந்த அரண்மனையிலயே விலை ஒசந்த பொருளை இவரு கண்ணெதிர கோட்டைக்கு வெளிய கொண்டுபோயிடறேன். பிடிச்சுட்டா நானும் சிறைக்குப் போறேன். பிடிக்கலைன்னா எங்க சனங்களை விட்டுடணும்."

ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. "பலே!" என்று தொடையைத் தட்டினார்.

"ஒரு ஈ தாண்டாது" என்றான் ரணசிங்கன்.

சபை கலைந்ததும் நீலாயி ராஜாவின் பக்கத்தில் போனாள். "இங்க விலை ஒசந்த பொருள் எது, சாமி?"

"இதில் என்ன சந்தேகம்? நான்தான்!"

"நானும் அதைத்தான் நெனச்சேன். நாளைக்குப் பல்லக்குல ஏறி உக்காந்துக்கங்க."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வழியில் நான் சத்தம் போட்டால்?"

"தாராளமா போடுங்க."

மறுநாள் வாசலில் ஒரே அமளி. ரணசிங்கன் கறுத்த முகம் ஒன்றையும் விடவில்லை. நீலாயியின் கிழங்கெல்லாம் தெருவில் உருண்டது. அவள் தலைமுடியை அவிழ்த்து உதறச் சொன்னான். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எதற்கென்று தெரிந்தே வந்திருந்தும் அவளுக்குக் கண் கரித்தது.

அப்போது கோட்டைக்குள்ளிருந்து திரை போட்ட பல்லக்கு ஒன்று வந்தது. முன்னால் பட்டும் சந்தனமுமாக, எலுமிச்சை நிறத்தில் ஒருவன். அவன் அம்பலவன் என்கிற கூத்துக்காரன். நீலாயி சொல்லி வைத்திருந்த ஆள்.

பல்லக்குக்குள்ளிருந்து ராஜா அலறினார். "அடேய் ரணசிங்கா! நான் உன் ராஜா! என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்!"

ஒரு காவலன் தயங்கினான். "தலைவரே, நம் மகாராஜா குரல் மாதிரியே இருக்கிறதே?"

அம்பலவன் பெருமூச்சு விட்டான். "என் மாமனார். சித்தம் கலங்கிவிட்டது. வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன்."

"ஐயோ பாவம்" என்றான் ரணசிங்கன். "பைத்தியம் பிடித்தால் எல்லாருமே ராஜாதான். சீக்கிரம் போங்கள் ஐயா, இங்கே திருட்டுக் கும்பல் அதிகம்." நீலாயியை ஓரமாகத் தள்ளி, பல்லக்குக்கு வழிவிட்டுக் கும்பிட்டான்.

உச்சிப்பொழுதில் ராஜா வெளியிலிருந்து நடந்தே வந்தார். ரணசிங்கன் ஓடிவந்தான். "பிரபு! எப்போது வெளியே போனீர்கள்?"

"நீ கும்பிட்டு அனுப்பினாயே, அப்போதுதான்!"

வாசலே சிரித்தது. ராஜா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நீலாயியிடம் கேட்டார்: "அவன் திரையை விலக்கமாட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"வருசக்கணக்கா இந்த வாசல்ல கூடையைக் கொட்டிக்கிட்டு நிக்கிறவ நான், சாமி. அவரு எங்களைத் துழாவுற நேரத்துல எத்தனை பல்லக்கு தாண்டிப் போகுதுன்னு எனக்குத்தானே தெரியும்?"

ராஜாவின் முகம் மாறியது. "ரணசிங்கா, மாலை போன அன்று யாரைச் சோதிக்காமல் அனுப்பினாய்?"

"பெரிய மனிதர்களை எப்படிப் பிரபு... ராணியம்மாவின் அத்தை மகன் ஒருவர்தான் ஊருக்குப் போனார்."

குதிரைகள் பறந்தன. அந்தப் பெரிய மனிதரின் வெற்றிலைப் பெட்டியில் முத்துமாலை பத்திரமாக இருந்தது.

ரணசிங்கனின் தலைவன் பதவி பறிபோயிற்று. அவன் கோட்டைக்குள் வரும்போதெல்லாம் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்டவேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார். நீலாயிக்கு ஒரு தட்டு நிறையப் பொன் வந்தது.

"இதை எங்க சனங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடறேன். இனிமே சோதிச்சா எல்லாரையும் சோதிக்கணும், இல்லைன்னா யாரையும் சோதிக்கக்கூடாது. அதைச் சொல்லுங்க, போதும்" என்றாள். ராஜா அப்படியே முரசறையச் சொன்னார்.

சிறையிலிருந்து தேக்கன் வந்தான். வாசலை நெருங்கியதும், யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"வேண்டாம் அண்ணே, இறக்குங்க" என்றான் புதுக் காவலன், தரையைப் பார்த்தபடி.

தேக்கனுக்கு அது காதில் ஏறவில்லை. நீலாயிதான் எட்டி, ஒரு கையைப் பிடித்து இறக்கினாள். இறக்கிய கையை விடாமல், பல்லக்கு போகிற நடுவழியாகவே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.