மோட்டார் அறையில் ஒரு வாளி

"உப்புப் போட்டா குளோரினே வேண்டாம்னு நெனச்சேனுங்க. அது இந்த வீட்டுக்குள்ள வரவே கூடாது" என்றார் தணிகாசலம்.

"யார் சொன்னா சார்? அந்த உப்புல இருந்து குளத்து ஓரம் மாட்டியிருக்க இந்தப் பெட்டியே குளோரின் செய்யும்லா" என்றாள் ஜெபக்கனி.

அவர் மூன்றடி பின்னால் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொண்டார்.

ஜெபக்கனி தூத்துக்குடிக்காரி. நீச்சல் குளங்களை உப்பு முறைக்கு மாற்றுவது அவள் தொழில். தணிகாசலம் கோவையில் நூற்பாலை நடத்தி ஓய்ந்தவர். அவளைவிட முப்பது வயது மூத்தவர்.

"எனக்குக் கத்துக் குடுங்க வாத்தியாரம்மா. இனி வேற ஆளை இதுல கை வைக்க விடமாட்டேன்" என்று முதல் நாளே கேட்டிருந்தார்.

நேற்று எட்டு மூட்டை உப்பைக் கொட்டி, நீளப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி இருவரும் கரைத்திருந்தார்கள். அப்போதும் மூக்கில் துண்டு.

"இப்பக் கரிக்குதான்னு பாருங்க." அவள் ஒரு கை தண்ணீர் அள்ளி நீட்டினாள்.

"வேண்டாமுங்க."

அவளே வாயில் வைத்துத் துப்பினாள். "கண்ணீர் அளவுகூட இல்ல."

வீட்டுப் படியில் அவர் மகள் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். நீச்சல் உடைக்கு மேல் சட்டை போட்டிருந்தாள். தண்ணீரைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"இந்தக் குளம் அவ நெஞ்சை எரிச்சிருச்சுங்க. மஞ்சப் புகை. ஆறு நாள் ஆஸ்பத்திரி. இன்னும் மாடி ஏறுனா மூச்சு வாங்குது."

"குளத்துல இருந்தா புகை வந்துச்சு?"

அவர் துண்டின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

ஜெபக்கனி சுவிட்சைப் போட்டாள். பெட்டியின் கண்ணாடிக் குழாய்க்குள் தகடுகளின் ஓரம் வெள்ளையாகக் குமிழிகள் கிளம்பின.

"ஐயோ, வருது!"

"வரணும் சார்."

அவர் படியைப் பார்த்து, "உள்ள போ கண்ணு!" என்று கத்தினார். அவள் போகவில்லை.

"ஆசிட் எங்க வச்சிருக்கீய? உப்புத் தண்ணிக்கும் அது அப்பப்ப வேணும்."

மோட்டார் அறைக்குக் கூட்டிப் போனார். மூலையில் ஆசிட் கேன். அதை ஒட்டி, சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று. ஜெபக்கனி சாக்கை விலக்கினாள்.

ஒரு வெள்ளை வாளி.

"பழைய குளோரின் தூளுங்க" என்றார். "மிசின் நின்னு போச்சுன்னா? ஒரு தைரியத்துக்கு இருக்கட்டும்னு."

வாளியின் மூடிமேல் ஒரு ஆரஞ்சு மக்கு. அதன் அடியில் தூள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஆசிட்டை எதுல மொண்டு ஊத்துவீய?"

"ஒரு மக்குதானுங்க இருக்கு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தூள்ல ஆசிட் பட்டா மஞ்சப் புகைதான் சார். அன்னைக்கும் இதே மக்குதானா?"

அவர் வாசல் வழியாகக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சில் துண்டு ஏறி இறங்கியது. தலை மட்டும் ஆமென்று அசைந்தது.

ஜெபக்கனி அவர் தோளைப் பிடித்து, வாளியின் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"துண்டை இந்தப் பக்கம் பார்த்துக் கட்டுங்க."

வெளியே மதிவதனியின் குரல் கேட்டது. "அப்பா, இறங்கட்டுமா?"

அவர் திரும்பவில்லை.

"இரு கண்ணு. இதை வெளியேத்திட்டு வந்தர்றேன்."